சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஒரு சாண்

புதிதாகப் பை தூக்க வருகிறவர்கள் படிப்பதற்கு வேலையைப் பற்றி நாலு விஷயம் எழுதிக்கொடு சடையா என்று எங்கள் கிளப் செகரெட்டரி கேட்டார். நான் எட்டாவது வரை படித்தவன். கோல்ஃப் கிளப்பில் இருபத்தாறு வருஷமாக, ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்குகிற கேடியாகவும் புல்வெளி மாலியாகவும் இருக்கிறேன். எந்த ஸ்டிக்கை எப்போது எடுத்துக் கொடுக்க வேண்டும், குழியைச் சுற்றியிருக்கிற கிரீனில் எங்கே நிற்கக் கூடாது என்றெல்லாம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வீட்டில் எங்கள் மலைத் தெய்வம் சேர்வராயன் சாமி படத்துக்கு முன்னால்தான் மேசை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து மற்றதை எல்லாம் எழுதிவிட்டு இதை விட்டுவிட என்னால் முடியவில்லை. அதனால் இதையே எழுதுகிறேன்.

முன்னால் போகிற வேலை

எங்கள் கிளப் சின்னது. ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நடுவே ஒன்பது ஹோல், அதாவது பந்து விழ வேண்டிய ஒன்பது குழி. அதையே இரண்டு சுற்று அடித்தால் பதினெட்டுக் கணக்கு. சமதளம் என்று ஒரு இடமும் கிடையாது. மழை மாதங்களில் மூடுபனி இறங்கினால் அடிக்கிறவருக்குத் தன் காலடி தவிர வேறெதுவும் தெரியாது. அதனால் கேடி பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னாலேயே போய்விடுவார். பந்து எங்கே விழுகிறது என்று பார்த்து, பக்கத்தில் நின்று குரல் கொடுப்பார். உள்ளே இருந்தால் “உள்ளே”, எல்லை தாண்டியிருந்தால் “அவுட்”. அடித்தவர் அந்தக் குரலை நம்பித்தான் நடந்து வருவார்.

தியாகராஜன் சார் ரயில்வேயில் சிக்னல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்துக்காரர். ஏற்காட்டில் வீடு கட்டிக்கொண்டு அம்மாவோடு வந்து தங்கிவிட்டார். அம்மா என்று நான் சொல்வது அவர் சம்சாரத்தை. அவருக்குப் பை தூக்கிய முதல் நாளும் பனிதான். நான் குரல் கொடுத்தேன், அவர் வந்தார், பந்தைப் பார்த்தார். பிறகு சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன்.

“இங்க பாருப்பா. டிவியில ஆடறாங்களே, அங்க ஒரு பந்துக்கு நூறு கேமரா. இங்க நீ ஒருத்தன்தான். நான் முப்பது வருசம் சிக்னலை நம்பி ரயில் ஓட வெச்சவன். நீ சொன்னா நான் வருவேன். அவ்வளவுதான்.”

சரிங்க சார் என்றேன். எட்டு வருஷம் அப்படித்தான் போனது.

எங்கள் காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைக்கிராமமான மஞ்சக்குட்டையில் பிறந்த நாங்கள் வெறுங்காலோடு மேடு பள்ளம் ஏறி வளர்ந்தவர்கள். எங்கள் கேடிகளில் பாதிப்பேர் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பந்தைக் கவ்வி, குனியாமல், பையை இறக்காமல் தூக்கிவிடுவோம். தண்ணிக்குள் விழுந்த பந்தையும் அப்படித்தான் எடுப்போம். இது எங்களுக்குப் பெருமை. இதில் ஒரு திருட்டும் உண்டு. பை தூக்குகிற முதலாளியின் பந்து மர வேரில் ஒட்டிக் கிடந்தால் விரல் அகலம் தள்ளி வைத்துவிடுவோம். யாரும் கேட்கமாட்டார்கள், நாங்களும் சொல்லமாட்டோம். கொடுக்கிற ஸ்டிக்கைத் துடைத்துக் கொடுப்பது போல அதையும் ஒரு உபகாரமாகவே நினைத்துவிட்டோம். சாருக்கு மட்டும் நான் அதைச் செய்ததில்லை. ஆரம்பத்தில் ஒரு முறை கால் போனபோது, “கெடக்கறபடி கெடக்கட்டும் சடையா” என்றார். அதோடு சரி.

நாலு மாசம்

ஆண்கள் கோல்ஃபில் வருஷத்துக்கு நாலு பெரிய போட்டி. மேஜர் என்பார்கள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என்று மாதம் ஒன்றாக வரும். எங்கள் கிளப்பில் அந்தந்த மேஜர் முடிகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மெம்பர்களும் தங்களுக்குள் ஒரு போட்டி ஆடுவார்கள். நாலையும் ஒரே வருஷத்தில் ஜெயிக்கிறவர் பேரை ஹாலில் இருக்கிற தேக்குப் பலகையில் தங்க எழுத்தில் எழுத வேண்டும் என்பது பழைய முறை. அடியில் சின்ன எழுத்தில் கேடி பேரும் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பலகையில் தலைப்பு மட்டும்தான் இருந்தது. தூசி துடைக்கிறவன் நான். காலிப் பலகையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஏப்ரல் போட்டியில், மற்ற மூன்று மேஜரையும் எப்போதோ எடுத்துவிட்டு நாலாவது மட்டும் கைக்கு வராமல் பல வருஷம் இருந்த ஒருத்தர் அதையும் ஜெயித்துவிட்டார். நம்ம ஊருக்கு அது விடிகாலை நேரம். அதனால் மெம்பர்கள் திங்கட்கிழமை காலையில் செல்போனை எல்லாம் அணைத்துவிட்டு, முடிவு தெரியாமல், ஹாலில் உட்கார்ந்து ரெக்கார்டு போட்டுப் பார்த்தார்கள். கேடிகளையும் கூப்பிட்டார்கள். நாங்கள் கதவோரமாக நின்று பார்த்தோம். கடைசிப் பந்து குழியில் விழுந்ததும் அவர் புல்லில் மண்டி போட்டுவிட்டார். அவருடைய கேடி ஓடிவந்து கட்டிக்கொண்டார். இரண்டு பேரையும் சேர்த்துத்தான் காட்டினார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கேடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாட்ஜ் வைத்திருக்கிற பிரகாஷ் எங்கள் கிளப்பில் வயசில் சின்ன மெம்பர். நன்றாக ஆடுவார், வாய் சும்மா இருக்காது. “சடையண்ணா, உங்க சார் நாலையும் அடிச்சா நீங்களும் இப்படிக் கட்டிப்புடிப்பீங்களா?” என்றார்.

“எங்க சார் வேர்வைக் கையைக் கண்டாவே எட்டிப் போற ஆளுங்க. நான் கட்டிப்புடிச்சா ரெண்டு அடி பெனால்டி போட்டுருவாருங்க” என்றேன். சார் உள்பட எல்லோரும் சிரித்தார்கள்.

முந்தின நாள் நடந்த எங்கள் ஏப்ரல் போட்டியை சார்தான் ஜெயித்திருந்தார். மே மாதமும் அவர்தான். ஜூனில் பிரகாஷ் கடைசி ஹோலில் கோட்டைவிட்டதால் அதுவும் அவருக்கே வந்தது. அறுபத்தெட்டு வயசு அவருக்கு. கிளப் முழுக்க இதே பேச்சு. என் வீட்டுக்காரி பொன்னம்மா கரடியூரில் இருக்கிற தன் அண்ணன் வீடு வரை சொல்லிவிட்டாள், எங்க வீட்டுக்காரர் பேரைத் தங்கத்தில் எழுதப்போகிறார்கள் என்று. நான் சேர்வராயன் கோவிலுக்குப் போய், குகைக்குள் குனிந்து நுழைந்து, சாமிக்கும் காவேரியம்மனுக்கும் முன்னால் வேண்டிக்கொண்டேன். சார் நாலாவதையும் ஜெயித்தால் மொட்டை போடுகிறேன் என்று.

சாருக்காக வேண்டினேன் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது எழுதும்போது தெரிகிறது, பாதிதான் அது. மீதிப் பாதி பலகையின் அடியில் வருகிற சின்ன எழுத்துக்காக.

ஏழாம் ஹோல்

ஜூலை போட்டியன்று விடிவதற்கு முன் நானே மைதானத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். எல்லை காட்டுகிற வெள்ளைக் கற்கள் வருஷம் முழுக்க இருக்கும். பெரிய போட்டி என்றால் கல்லுக்குக் கல் கோடும் இழுக்க வேண்டும். ஈரப் புல்லில் போட்டதால் கால் முழுக்கச் சுண்ணாம்பு. விரல் இடுக்கெல்லாம் பிசுபிசுத்தது. கழுவ நேரமில்லை.

பனி இறங்கிவிட்டதால் எல்லோரும் மஞ்சள் பந்து எடுத்துக்கொண்டார்கள். சார் பிரகாஷோடு சேர்ந்து ஆடினார். பிரகாஷுக்குக் கேடி என் ஊர்க்காரன் மாதேஸ். இரண்டாவது சுற்றில் ஏழாம் ஹோல் வந்தபோது சார் முன்னால் இருந்தார், ஆனால் கொஞ்சம்தான். ஏழாம் ஹோல் மேட்டிலிருந்து கீழே அடிக்கிறது. வலது பக்கம் பூரா காபிச் செடி, அதன் ஓரத்தில் மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரங்கள். மரங்களுக்கு இந்தப் பக்கம் கோடு. நானும் மாதேஸும் பைகளோடு கீழே போய்விட்டோம். அவன் இடது ஓரம், நான் வலது ஓரம்.

சார் அடித்த சத்தம் மேலே கேட்டது. பிறகு என் தலைக்கு அந்தப் பக்கம் மரத்தில் “டொக்” என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தேன். பந்து கோட்டுக்கு வெளியே கிடந்தது. ஒரு சாண். கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், ஆனால் சந்தேகமே இல்லாமல் வெளியே.

கோல்ஃப் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவுட் என்றால் ஒரு அடி அபராதம், மறுபடி அடித்த இடத்துக்கே போய் அடிக்க வேண்டும். மொத்தத்தில் இரண்டு அடி போய்விடும்.

மாதேஸ் பனிக்குள் நிழல் மாதிரி முதுகைக் காட்டி நின்றான். மேலே இருந்தவர்களுக்கு நான் இருப்பதே தெரியாது. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். என் கால் யோசிக்கவில்லை. பையைத் தோளில் வைத்தபடி பந்தைக் கவ்வி எடுத்து, கோட்டைத் தாண்டி உள்ளே இரண்டு சாண் தள்ளி வைத்தது. குரல்தான் என்னுடையது. “உள்ளே இருக்குதுங்க சார்.”

சார் இறங்கி வந்தார். பந்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

“மரத்துல பட்ட சத்தம் கேட்டுச்சே. மரம் அந்தப் பக்கம்தானே?”

“பட்டுத் திரும்பி உள்ள வந்துருச்சுங்க.”

“அப்படியா.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நானே, “சேர்வராயன் சத்தியமாங்க சார்” என்றேன்.

“சத்தியம் யாருப்பா கேட்டா?” என்று சிரித்துக்கொண்டே ஸ்டிக்கை வாங்கினார்.

அந்த ஹோலை நாலு அடியில் முடித்தார். பந்தைக் குழியிலிருந்து எடுத்ததும் எப்போதும் என்னிடம் துடைக்கக் கொடுப்பார். அன்றைக்குக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “வேற பந்து எடு” என்றார். ராசிக்காக மாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மஞ்சள் பந்தின் இரண்டு பக்கமும் என் இரண்டு விரலின் சுண்ணாம்பு அச்சு இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிரகாஷை ஒரே ஒரு அடியில் ஜெயித்தோம்.

மொட்டை

திங்கட்கிழமையே முடி இறக்க ஆள் கூட்டிப் போய்க் கோவிலில் மொட்டை போட்டுக்கொண்டேன். தலையில் சந்தனம் பூசி வீட்டுக்கு வந்ததும் பொன்னம்மா, “ஏனுங்க, சார் ஜெயிச்சதுக்கு நீங்க எதுக்குங்க மொட்டை?” என்று கேட்டுவிட்டு, சந்தோஷமாகத்தான் சிரித்தாள்.

புதன்கிழமை சார் வீட்டுக்குப் பிரசாதம் கொண்டுபோனேன். விபூதி, இரண்டு பழம். அம்மா காபி கொடுத்தார்கள். சார் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது வேண்டுதலா?”

“ஆமாங்க சார். உங்களுக்காக வேண்டிக்கிட்டதுங்க.”

கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். பிறகு, “சடையா, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?” என்றார்.

“ஒன்னுமில்லீங்களே சார்.”

விபூதிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினார். நெற்றியில் பூசவில்லை. மேசை மேல் வைத்தார். பிறகு பூசுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதைப் படிக்கிற, பை தூக்குகிறவர்களே, கேட்கிற கேள்விக்கு உள்ளே இன்னொரு கேள்வி இருந்தால் அது காதில் விழாமல் இருக்காது. விழுந்தது. நான்தான் காபி நல்லா இருக்குதுங்கம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பலகை

பரிசளிப்பு அடுத்த ஞாயிறு சாயங்காலம். சேலத்திலிருந்து பெயிண்டர் வந்து சனிக்கிழமையே பலகையில் எழுதிவிட்டார். மேலே சார் பேர். அடியில் சின்னதாக, கேடி சடையன், மஞ்சக்குட்டை. பொன்னம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். அவள் எழுத்தைத் தொடாமல் விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் எல்லா மெம்பரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். செகரெட்டரி கப்பைக் கையில் எடுத்ததும் சார் எழுந்து நின்றார். கையில் பேப்பர் எதுவும் இல்லை.

“ஏழாம் ஹோல்ல என் பந்து அவுட். உள்ள எடுத்து வெச்சு ஆடியிருக்கு. தப்பு என்னோடது. என் கார்டு செல்லாது. கப்பு பிரகாஷோடது.”

இவ்வளவுதான் பேசினார். கேடி செய்தது ஆட்டக்காரர் செய்ததாகத்தான் கணக்கு, கோல்ஃபில் அப்படித்தான் ரூல். அந்த ரூல்படி அவர் ஒரு வார்த்தை கூடப் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு என்ன புரிந்தது? சாரே பந்தை எடுத்து வைத்துவிட்டார், ஒரு வாரம் மனசு உறுத்தி இப்போது ஒத்துக்கொள்கிறார் என்றுதான் புரிந்தது. ஹாலில் யாரோ மெதுவாக, “இவரா?” என்றார்கள்.

நான் கதவோரமாக மொட்டைத் தலையோடு நின்றுகொண்டிருந்தேன். பொன்னம்மா என் பக்கத்தில். என் வாய் திறக்க எவ்வளவு நேரம் இருந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பிரகாஷ் எழுந்து, தயங்கி, முன்னால் நடந்து போய், கப்பை வாங்குகிற வரை இருந்தது. சார் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அதையும் அவர் மேலேயே போடுகிறேன் பாருங்கள்.

மறுநாள் செகரெட்டரி என் கையில் மரக்கலர் பெயிண்டும் பிரஷும் கொடுத்தார். முதலில் சார் பேரை அழித்தேன். பிறகு என்னுடையதை. தங்க எழுத்து சீக்கிரம் மறையவில்லை. மூன்று கோட்டிங் கொடுக்க வேண்டியிருந்தது.

கார்டில் கையெழுத்து

அதற்குப் பிறகும் சார் ஞாயிற்றுக்கிழமை வந்தார். என்னைத்தான் கேடியாகக் கூப்பிட்டார். ஆனால் முன்னால் அனுப்பவில்லை. “கூடவே நட” என்பார். பனியில் பந்தை அவரே தேடுவார். கிடைக்காவிட்டால் தொலைந்தது என்று அபராதம் போட்டுக்கொள்வார். என்னைத் திட்டியிருந்தால் அதைத் தாங்கியிருப்பேன்.

மெம்பர்கள் மரியாதையாகத்தான் இருந்தார்கள். ஆனால் நாலு பேர் சேர்ந்து ஆடுகிற இடத்தில் அவரைக் கூப்பிட மறந்துபோனார்கள். பிரகாஷ் மட்டும் பழையபடி கிண்டல் செய்தார். அது ஒன்றுதான் சாருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கோல்ஃபில் ஒருத்தருடைய அடிக்கணக்குக் கார்டை இன்னொருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபரில் ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த மெம்பர் ஒருத்தரைச் சாரோடு ஜோடி போட்டிருந்தார்கள். அவர் செகரெட்டரியைத் தனியாகக் கூப்பிட்டு, நான் பக்கத்தில் பையோடு நிற்பதைக் கவனிக்காமல், “தப்பா நெனைக்காதீங்க, இவரோட கார்டுக்கு நான் மட்டும் கையெழுத்துப் போடறது... கூட இன்னொருத்தரைச் சேத்துக்கலாங்களா?” என்றார். செகரெட்டரிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் பதில் சொல்வதற்குள் சாரே திரும்பினார். அவருக்கும் கேட்டுவிட்டது.

“தாராளமா சேத்துக்குங்க” என்றார்.

அன்றைக்குப் பதினெட்டு ஹோலும் சாருக்குப் பின்னால் ஒரு சாட்சி நடந்து வந்தார். வாழ்நாள் முழுக்கத் தன் தப்பைத் தானே எழுதிக்கொண்டவருக்கு. நான் பையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சாட்சிக்குப் பின்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து பொன்னம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். என் தலையைப் பார்த்தாள். முடி காதுக்கு வந்திருந்தது.

“சாமி மேல பொய்ச் சத்தியம் பண்ணிப்போட்டு, சாமிக்கே முடியும் குடுத்தீங்களாங்க?”

களைந்த தண்ணீரைக் கீழே கொட்டினாள்.

“மொட்டையோட நின்னீங்களே. நானும் பக்கத்துல நின்னனே.” பிறகு, “போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. அப்பறம் சோறு திங்கலாம்” என்றாள். அடுத்த ஞாயிறு வரை என்னிடம் அவள் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

சொன்ன நாள்

அந்த ஞாயிறு ஆட்டம் முடிந்து மெம்பர்கள் டீ குடிக்கிற நேரத்தில் போனேன். கேடிகளும் இருந்தார்கள். சார் ஓரமாக உட்கார்ந்து ஷூவில் ஒட்டின புல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, எல்லாரும் ஒரு நிமிசம் கேக்கோணுங்க” என்றேன். டம்ளர் சத்தம் நின்றது. “ஏழாம் ஹோல்ல பந்தை எடுத்து வெச்சது நானுங்க. கால் வெரல்ல. சாருக்குத் தெரியாதுங்க. அவர் கேக்காமயே சேர்வராயன் மேல சத்தியம் பண்ணுனனுங்க. பொய்ச் சத்தியமுங்க.”

பிரகாஷ்தான் முதலில் பேசினார். கிண்டல் இல்லாத அவர் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். “அன்னிக்கு சார் எந்திரிச்சுச் சொன்னப்ப நீங்க கதவுகிட்டதானே இருந்தீங்க. ஏன் சொல்லல?”

“பேர் போயிருமுன்னு பயந்தனுங்க.”

“யார் பேரு?”

“என் பேருங்க.”

கையெழுத்துக்கு ஆள் கேட்ட அந்தப் புது மெம்பர் எழுந்து சாரிடம் போய் ஏதோ சொன்னார். சார் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு பையின் சின்ன ஜிப்பைத் திறந்து அந்த மஞ்சள் பந்தை எடுத்து டீ மேசை மேல் வைத்தார். இரண்டு பக்கமும் வெள்ளை காய்ந்து ஒட்டியிருந்தது. மூன்று மாசம் பையிலேயே இருந்திருக்கிறது. அந்தப் பையைத் தூக்கினவன் நான்தான்.

“ரூல் மாறாது. கேடி பண்ணுனாலும் ஆட்டக்காரன் பொறுப்பு. கப்பு பிரகாஷோடதுதான்” என்றார் சார்.

செகரெட்டரி எனக்கு மூன்று மாசம் பை கிடையாது, புல் வேலை மட்டும் என்றார். குறைவுதான். கேடி ஷெட்டுக்குப் போனபோது மாதேஸ் தன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “நீ ஒருத்தன் சொல்லிப்போட்டே. இப்ப எங்க எல்லாத்துக்கும் கால் கூசுது” என்றான்.

சார் கார் எடுக்கப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

“சார், பந்தைப் பாத்தப்பவே தெரிஞ்சுதுங்களா?”

“தெரிஞ்சுது.”

“அப்பவே ஏனுங்க கேக்கல?”

“கேட்டேனே. புதன்கிழமை.” கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். “நீயே சொல்லுவேன்னு அந்த வாரம் பூரா பாத்தேன். அப்பறம் எனக்கு வேற வழி இல்ல.”

“என் பேரைச் சொல்லியிருக்கலாமுங்களே.”

“சொல்லியிருந்தா நீ சொன்னதா ஆகுமா?” என்றார். பிறகு, “எனக்குக் கோவம் இல்லைன்னு நெனைச்சுக்காத. நொம்பக் கோவம். நீ குடுத்த விபூதி இன்னும் மேசை மேலதான் இருக்கு. பூசவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டு அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். கோவிலுக்குக் கொண்டுபோனேன். அந்தக் குகைக்குள் எல்லோரும் குனிந்துதான் போக வேண்டும், இத்தனை வருஷம் நானும் குனிந்துதான் போயிருக்கிறேன். அன்றைக்கு நுழைந்த பிறகும் நிமிர முடியவில்லை. எதுவும் வேண்டவில்லை. விபூதியைச் சாமி காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று மாசம் கழித்து

ஜனவரியில் கிளப்புக்குக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போனேன். மாதேஸ் சிரித்தான். அடுத்த வாரம் அவனும் போட்டுக்கொண்டு வந்தான். இப்போது எங்கள் ஷெட்டில் வெறுங்காலோடு யாரும் பை தூக்குவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்கிற பாடம் இவ்வளவுதான். ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வழுக்கிவிடும் என்று சாக்குச் சொல்லாதீர்கள். என் விரலை நானே நம்பவில்லை, உங்கள் விரலை நீங்கள் நம்பாதீர்கள். இன்னொன்று, கேட்காதவரிடம் சத்தியம் பண்ணாதீர்கள். உண்மைக்குச் சத்தியம் தேவைப்படுவதில்லை.

சார் என்னை மறுபடி கூப்பிட்ட முதல் ஞாயிறு அன்றைக்கும் பனி. ஆறு ஹோல் வரை கூடவே நடந்தேன். ஏழாம் ஹோல் மேட்டில் நின்று கீழே பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு ஸ்டிக்கை உருவிக்கொண்டார். “முன்னால போ” என்றார்.

பையோடு இறங்கி வலது ஓரத்தில் போய் நின்றேன். மேலே அடித்த சத்தம். வலது பக்கம் இலைகள் சரசரத்தன. சாமி, உள்ளே இருக்கட்டும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

“அவுட்டுங்க சார்” என்று கத்தினேன்.

மேலிருந்து குரல் வந்தது. “எவ்வளவு?”

“ஒரு சாணுங்க.”

பனிக்குள் நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு, “சரி. அங்கயே நில்லு, இன்னொன்னு அடிக்கறேன்” என்றார் சார்.